கூட்டுத் தோட்டத்துக்கு எந்த நிலம்: ஓடையோரமா, பள்ளிப் பின்புறமா, பழைய தேயிலைச் சரிவா?

கோத்தகிரிப் பக்கம் நாங்கள் 14 குடும்பங்கள் சேர்ந்து மருந்தடிக்காத காய்கறி போட ஆரம்பித்து இது ஆறாவது வருஷம். இரண்டு மாதத்துக்குள் குன்னூர் பக்கமிருந்து ஒரு குழுவும் கட்டபெட்டு பக்கமிருந்து இன்னொரு குழுவும் ஒரே கேள்வியோடு வந்தார்கள். மூன்று இடம் கிடைக்கும் போலிருக்கிறது, எதை எடுப்பது? ஓடையோரத்துச் சமநிலம் ஒன்று, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடம் ஒன்று, இலை பறிக்காமல் விட்டுவிட்ட பழைய தேயிலைச் சரிவு ஒன்று. நீலகிரியில் எந்த ஊரில் தேடினாலும் கிட்டத்தட்ட இந்த மூன்றில் ஒன்றுதான் அமையும். இதில் இரண்டில் நாங்களே மண்வெட்டி பிடித்திருக்கிறோம், மூன்றாவதை எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கூட இருந்து பார்த்திருக்கிறோம். அதனால் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தேயிலைச் சரிவை எடுங்கள். மூன்றில் மண் மோசமானது அதுதான், அதிகம் வேலை வாங்குவதும் அதுதான், இருந்தாலும் அதையே எடுங்கள்.

காரணம் புரிய, எங்கள் குழுவில் யார் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். பாதிப் பேர் எஸ்டேட்டில் இலை பறிப்பவர்கள், காலையில் போனால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் லயனுக்கு, அதாவது எஸ்டேட் வரிசை வீட்டுக்கு, திரும்புவார்கள், ஞாயிறு ஒன்றுதான் அவர்கள் கையில் இருக்கும் நாள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிலர், பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊரை அப்படித்தான் சொல்வோம்) இரண்டு படுகர் குடும்பம், ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், ஜீப் ஓட்டும் அண்ணன் ஒருவர், போன வருஷம் வந்து சேர்ந்த ஜார்க்கண்ட் தம்பதி. மேட்டுப்பாளையம் மண்டிக்கு லாரி லாரியாகக் கேரட்டும் பீட்ரூட்டும் இறக்கும் மலை இது. அந்தக் கேரட்டுக்கு எத்தனை தடவை மருந்தடிக்கிறார்கள் என்பதை வேலைக்குப் போகிற வழியெல்லாம் பார்த்துக்கொண்டே, அதையே வாங்கிப் பிள்ளைகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. தோட்டம் பிறந்தது அப்படித்தான்.

நாங்கள் முதலில் எடுத்தது ஓடையோர நிலம், 30 சென்ட். யார் பார்த்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். கறுப்பு மண், அள்ளினால் கையில் பொலபொலவென்று உதிரும், தரை சமம், கோடையிலும் ஓடையில் தண்ணீர், ஏற்கனவே காய்கறி போட்ட இடமென்பதால் பாத்திகூட பிடித்தே கிடந்தது. ஏப்ரல், மே மாதக் கார்போகத்துக்கு விதைத்த கேரட் நூற்றுச் சொச்சம் நாளில் கைக்கு வந்தது. பிடுங்கி ஓடைத் தண்ணீரில் கழுவி அங்கேயே நின்று தின்றோம், அந்த ருசியைப் பிள்ளைகள் இன்னும் பேசுவார்கள். சரி, இடம் அமைந்துவிட்டது என்று நம்பினோம்.

டிசம்பரில் பனி வந்தது. குளிர்ந்த காற்று கனமானது, தெளிந்த ராத்திரியில் சரிவிலிருந்து தண்ணீர் இறங்குவது மாதிரியே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேலே ரோட்டோரம் வெறும் நீர்ப்பனி விழுந்த அதே ராத்திரி, கீழே எங்கள் பீன்ஸ் பாத்தி உறைபனியில் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏறினதும் இலையெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கிவிட்டது. முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும், பீன்ஸும் உருளையும் தக்காளியும் தாங்காது. தேயிலையைத் தாகைச் செடி வெட்டிப் போட்டு மூடுவார்களே, அதேபோல நாங்களும் மூடிப் பார்த்தோம். ஆனால் சாயங்காலம் வேலை முடிந்து வருகிறவர் 40 நிமிஷம் நடந்து பள்ளத்துக்கு இறங்கி மூட வேண்டும், காலையில் இருட்டோடு போய்த் திறக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் யாராலும் முடியவில்லை. அப்போதுதான் தூரம் என்ன செய்யும் என்று தெரிந்தது. 40 நிமிஷம் தள்ளியிருக்கும் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போக முடியும், ஆனால் வெட்டுப்புழுவும் நத்தையும் ஞாயிறு வரை காத்திருக்காது.

பள்ளத்துக்கு எல்லாம் வந்து சேரும், பனி மட்டுமா வரும்? மேலே உள்ள தோட்டங்களில் அடிக்கும் மருந்தும் போடும் யூரியாவும் மழையோடு கரைந்து எங்கள் ஓடைக்குத்தான் வந்தன, அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு ஊற்றினோம். நம் வேலிக்குள் ஒரு சொட்டு மருந்து விடாமல் இருந்தாலும் இதை நிறுத்த வழியில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஓடையோரம் என்று காட்டப்படும் இடங்களில் பாதி உண்மையில் சதுப்பு. வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துக் காயப்போட்டால்தான் பாத்தி பிடிக்க முடியும். அப்படி வடித்துவிட்டால் கோடையில் கீழே உள்ள ஊர்களுக்குக் கசியும் தண்ணீர் குறையும். அந்த மாதிரி இடத்தைச் சும்மா கொடுத்தாலும் தொடாதீர்கள்.

எங்களை நிஜமாக உடைத்தது காகிதம். 11 மாத ஒப்பந்தம் எழுதியிருந்தோம். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையென்றால் 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும், அந்தச் செலவையும் அலைச்சலையும் தவிர்க்கத்தான் எல்லாரும் 11 மாதம் என்று எழுதிக்கொள்கிறார்கள். கடை வாடகைக்கு அது சரி. ஆனால் மண்ணை மருந்திலிருந்து மீட்கிற வேலைக்கு ஒரு வருஷம் எதற்குமே காணாது, இயற்கை விளைபொருளுக்கான தேசியத் தரநிலையே ஒருபோகப் பயிர்களுக்கு 2 வருஷம், பல்லாண்டுப் பயிர்களுக்கு 3 வருஷம் மாறுதல் காலம் கேட்கிறது. நாங்கள் இரண்டு தடவை புதுப்பித்தோம். மூன்றாவது தடவை போனபோது, நிலம் வேறொருவருக்கு, எங்களைவிட அதிகக் குத்தகைக்கு, பேசி முடிந்துவிட்டது. இரண்டே முக்கால் வருஷமாகச் சுமந்து கொட்டின தொழுஉரம், மண்புழு உரம், பொறுக்கி எறிந்த கல் எல்லாம் அங்கேயே இருக்கிறது. அடுத்த மாதமே அந்தப் பாத்திகளின் மேல் ஸ்பிரேயர் ஏறியதை லயன் வாசலில் நின்று பார்த்தோம். எங்கள் குழுவில் மூத்த அக்கா ஒருவர் அதற்குப் பிறகு ஆறு மாதம் அந்த வழியில் நடக்கவே இல்லை.

பள்ளிக்கூடத்து இடத்தைப் பற்றி சொல்ல அவ்வளவு இல்லை. தண்ணீர் இருக்கும், காம்பவுண்டு இருக்கும், சத்துணவுக்கூடத்துக் காய்த்தோல் மட்குக்குக் கிடைக்கும், பிள்ளைகள் நாலாம் வகுப்பிலேயே நாற்று நடக் கற்றுக்கொள்வார்கள், இதெல்லாம் பெரிய விஷயம். ஆனால் நம் முக்கியப் போகமான கார்போகம் ஏப்ரல், மே மாதத்தில் தொடங்குகிறது, கோடை விடுமுறையும் அப்போதுதான் வருகிறது. விதைத்த நேரத்தில் கேட் பூட்டியிருக்கும். அதோடு, இடம் கொடுத்த தலைமை ஆசிரியர் மாறுதலில் போய்விட்டால் அடுத்தவர் என்ன சொல்வாரென்று தெரியாது, வகுப்பு முடிந்த நேரத்தில் வெளியாட்கள் உள்ளே நடமாடுவதை எந்தப் பள்ளியும் லேசாக ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளவும் கூடாது. பிள்ளைகள் கற்றுக்கொள்வதுதான் நோக்கமென்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. குடும்பங்களின் அடுப்புக்குக் காய் வர வேண்டுமென்றால் இது உதவாது. இரண்டையும் ஒரே இடத்தில் சாதிக்க நினைத்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது சரிவு. நாங்கள் வைத்திருப்பது 20 சென்ட், லயனிலிருந்து ஏழு நிமிஷ நடை. சொந்தக்காரப் பெரியவர் மகனோடு கோயம்புத்தூரில் இருக்கிறார், பச்சைத் தேயிலை விலை கட்டுப்படியாகாததால் கவாத்துகூட செய்யாமல் விட்டிருந்தார். செடிகள் மரமாகி, நடுவில் உண்ணிச்செடி புகுந்து, உள்ளே நுழையவே முடியாத காடாக இருந்தது. இந்தத் தடவை 5 வருஷத்துக்கு எழுதிப் பதிவும் செய்தோம். செலவை 14 வீடும் பகிர்ந்துகொண்டோம். பெரியவர் கேட்ட குத்தகை குறைவு, ஏனென்றால் அந்த இடத்தை வேறு யாரும் கேட்கவில்லை. நல்ல மண்ணை எப்போதும் நம்மைவிடப் பணமுள்ள ஒருவர் கேட்டுக்கொண்டேதான் இருப்பார், இதை ஓடையோரத்தில் கற்றுக்கொண்டோம்.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தபோது பி.எச். 4.6 என்று வந்தது, மண்ணின் புளிப்பைக் காட்டும் எண் அது, குறையக் குறையப் புளிப்பு அதிகம். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை பிடிக்கும், பெரும்பாலான காய்கறிகளுக்கு 6க்கும் 6.5க்கும் நடுவில் வேண்டும். இவ்வளவு புளித்த மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) பிடித்து வைத்துக்கொள்ளும், எவ்வளவு எரு போட்டாலும் செடிக்குக் கிடைக்காது, இலை ஊதா பூத்து நின்றுவிடும். இதற்கு மருந்து சுண்ணாம்பு, அதிலும் டோலமைட் போட்டால் மெக்னீசியமும் சேர்ந்து வரும். இயற்கை முறையில் இதற்குத் தடை இல்லை. எவ்வளவு போடுவது என்பதைப் பரிசோதனை அறிக்கை சொல்லட்டும், பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்துப் போடாதீர்கள். எருவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து (நைட்ரஜன்) அம்மோனியாவாகப் பறந்துவிடும், சில வாரம் இடைவெளி விடுங்கள். ஒரே வருஷத்தில் 6க்கு ஏற்றிவிட வேண்டுமென்று அவசரப்படவும் வேண்டாம், எங்களுக்கு இரண்டு வருஷம் கழித்து 5.6 வந்தது, அதற்கே முட்டைக்கோஸ் திரண்டு கட்டியது.

எல்லாரும் இந்தப் புளிப்பைக் கேட்டுத்தான் பயந்து ஓடையோரத்துக்குப் போகிறார்கள். ஆனால் அந்த மண்ணில் ஒரு நல்லது ஒளிந்திருக்கிறது. நாற்பது ஐம்பது வருஷமாகத் தேயிலை மட்டுமே நின்ற இடத்தில் உருளைக்கிழங்கு போட்டிருக்க மாட்டார்கள். நீலகிரியில் உருளை போட்ட நிலத்தின் பெரிய வியாதி தங்க நூற்புழு. 1961ல் உதகையில் கண்டுபிடித்தார்கள், அது பரவக் கூடாதென்று 1971ல் இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகவே தடை போட்டார்கள். வேரில் ஊசிமுனை அளவுக்குப் பொன்னிற மணியாக ஒட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கில் முட்டை, கிழங்கு போடாவிட்டாலும் வருஷக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு காத்திருக்கும். ஓடையோரத்தில் எங்கள் உருளைப் பாத்தியில் திட்டுத் திட்டாகச் செடி மஞ்சளித்தபோது தண்ணீர் காணவில்லை என்று நினைத்து இன்னும் ஊற்றினோம். ஹட்டியிலிருந்து வரும் பெரியப்பா ஒரு செடியைப் பிடுங்கி வேரைக் காட்டின பிறகுதான் விஷயம் புரிந்தது. முட்டைக்கோஸ் வேரைக் கரணை கரணையாக வீங்க வைக்கும் கிளப் ரூட் நோயும் இதே கதைதான், காய்கறி நிலத்தில் வருஷக்கணக்கில் தங்கும். தேயிலைச் சரிவில் இரண்டும் இருக்க வாய்ப்பு குறைவு. புளிப்பைச் சுண்ணாம்பு போட்டு இரண்டு மூன்று வருஷத்தில் சரிசெய்யலாம், நூற்புழு புகுந்த மண்ணை அப்படிச் சரிசெய்ய முடியாது. ஒரு விஷயம் மட்டும் சொந்தக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், களைக்கொல்லி கடைசியாக எப்போது அடித்தார்கள்? உங்கள் இரண்டு வருஷக் கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் ஆரம்பமாகும்.

சரிவில் வேலை கடுமை, மறைக்கவில்லை. தேயிலை வேர் கடப்பாரைக்கே வளையாது. ஆள் ஒன்றுக்கு ஒரு ஞாயிறுக்கு நாலைந்து செடிதான் வந்தது, சுத்தம் செய்யவே நாலு மாதம் ஆயிற்று. எல்லாவற்றையும் பிடுங்கவும் இல்லை, சரிவுக்குக் குறுக்காக இத்தனை அடிக்கு ஒரு வரிசை என்று விட்டுவைத்து இடுப்பளவுக்கு வெட்டிவிட்டோம். அவை மண்ணைப் பிடித்து நிற்கின்றன, நாளடைவில் ஒவ்வொரு வரிசைக்கு மேலும் மண் தானாகச் சேர்ந்து படி மாதிரி ஆகிவருகிறது. பொக்லைன் இறக்கிப் படி வெட்டிவிடலாமே என்று யோசனை சொன்னார்கள். இந்த மாவட்டத்தில் அதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும், அனுமதி கிடைத்தாலும் நான் இறக்க மாட்டேன். 2009 நவம்பர் மழையில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் செத்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. தண்ணீர் தேங்கக் கூடாதென்று கேரட் பாத்தியை மேலிருந்து கீழாகப் பிடிக்கிற பழக்கம் இங்கே உண்டு, மழைக்கு மண்ணும் அதே வழியில் இறங்கிப் போகிறது. பாத்தியைக் குறுக்காகப் பிடியுங்கள், படியின் தரை லேசாக மலைப் பக்கம் சாய்ந்திருக்கட்டும், ஓரத்தில் வடிகால் இருக்கட்டும். உதகையில் மண், நீர் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் 1954லிருந்து இருக்கிறது, இதில் சந்தேகமென்றால் கேட்க வேண்டிய இடம் அதுதான்.

நிழலையும் எடுக்கும் முன்பே பாருங்கள். தேயிலைக்கு நடுவில் சில்வர் ஓக் நிற்கும், பட்டா நிலமாகவே இருந்தாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது, 1955ஆம் வருஷத்து மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. காலை ஒன்பது மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் போய் நின்று பாருங்கள், இரண்டு நேரமும் பாதிக்கு மேல் நிழலாக இருந்தால் அந்தச் சரிவு வேண்டாம். தேயிலை பிடுங்குவதற்கு முன் கிராம நிர்வாக அலுவலரிடமும் தோட்டக்கலை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

நிலம் முடிவானதும் அடுத்த வாக்குவாதம் வரும், அவரவருக்குத் தனிப் பாத்தியா, எல்லாம் பொதுவா? இரண்டையும் செய்து பார்த்துவிட்டோம். ஓடையோரத்தில் எல்லாமே பொது. ஒரே நாளில் நட்ட முட்டைக்கோஸ் ஒரே வாரத்தில் முற்றியது, வீட்டுக்கு ஆறு ஏழு என்று தூக்கிக்கொண்டு போய் என்ன செய்வதென்று தெரியாமல் பாதி மாட்டுக்குப் போனது. நாலடி அகலம் இருபதடி நீளப் பாத்தியில், ஒன்றரை அடிக்கு ஒன்று என்று நட்டால் ஏறக்குறைய 35, 40 கோஸ் வரும், ஒரு வீட்டுக்கு வாரம் ஒன்று போதும். தனிப் பாத்தியென்றால் பத்து நாளைக்கு ஒரு தடவை அஞ்சாறு நாற்று என்று வைத்துக்கொள்ளலாம், யாருக்குப் புதினா வேண்டும், யாருக்குப் பட்டர் பீன்ஸ் வேண்டும் என்ற கூட்டமே தேவையில்லை. அதைவிட முக்கியமான ஒன்று, யார் வேலைக்கு வந்தார் யார் வரவில்லை என்ற மனக்கசப்பு பொதுவில் மெதுவாக ஊறிக்கொண்டே இருக்கும். ஒரு குடும்பம் எங்களை விட்டுப் போனதே அதனால்தான், அவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது.

ஆனால் முழுக்கத் தனியாகவும் விட முடியாது, இந்த மலையில் வியாதிக்கு எல்லை தெரியாது. ஒரே ஒரு வீடு தன் பாத்தியில் வருஷாவருஷம் உருளை போட்டுக்கொண்டிருந்தால் நூற்புழு அங்கே பெருகி, மண்வெட்டியிலும் செருப்பிலும் மழைத் தண்ணீரிலும் 14 வீட்டுப் பாத்திக்கும் போய்ச் சேரும். மேகம் மூடி நாலு நாள் தூறல் பிடித்தால் உருளையில் பின்கருகல் நோய் ஒரு மூலையில் ஆரம்பித்து ஒரு வாரத்தில் முழு இடத்தையும் எரித்துவிடும், முதல் இலையைப் பார்த்தவர் அன்றே பிடுங்கிப் புதைக்காவிட்டால் அவ்வளவுதான். அதனால் எங்கள் ஏற்பாடு இது. வீட்டுக்கு இரண்டு பாத்தி சொந்தம், கீரை, பீன்ஸ், கோஸ், முள்ளங்கி, நூல்கோல் எது வேண்டுமானாலும். உருளை பொது நிலத்தில் மட்டும், ஒரே இடத்துக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான் திரும்பி வரும், நடுவில் பூண்டு, பீட்ரூட், பீன்ஸ் சுற்றும். விதைக்கிழங்கு எங்கிருந்து வாங்குவது என்பதும் பொது முடிவு, மண் ஒட்டின கிழங்கை யாரும் உள்ளே கொண்டுவரக் கூடாது. எல்லாருக்கும் தெரிந்த உருளை ரகமான குப்ரி ஜோதி நூற்புழுவைத் தாங்காது, அதைத் தாங்கவென்றே 1985ல் வந்தது குப்ரி சுவர்ணா. கிடைத்தால் அதை வாங்குங்கள், முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் கேளுங்கள். நாற்றங்கால், மட்குக் குழி, தண்ணீர்த் தொட்டி, வேலி எல்லாம் பொது. கோஸ் போடுகிறவர்கள் எல்லாரும் 15 நாள் முன்னதாக ஓரத்தில் கடுகு விதைக்க வேண்டும், வைரமுதுகு அந்துப்பூச்சி முதலில் கடுகுக்குத்தான் போகும். வேறு எந்த விதியும் வைக்கவில்லை.

எருவில் மூன்று வழி இருக்கிறது. கீழிருந்து லாரியில் வருகிற கோழி எரு சீக்கிரம் பலன் தரும், காய்கறித் தோட்டக்காரர்கள் அதைத்தான் கொட்டுகிறார்கள். ஆனால் பெரிய பண்ணைக் கழிவில் கோழிக்குக் கொடுத்த மருந்தும் சேர்ந்து வரும், இயற்கைத் தரநிலை அதை ஒத்துக்கொள்வதில்லை. நாங்கள் தொடவில்லை. இரண்டாவது, நாமே செய்கிற மட்கு. கீழே இரண்டு மூன்று மாதத்தில் மட்குவது இங்கே குளிரில் ஐந்தாறு மாதம் ஆகும், குவியல் குறைந்தது மூன்றடிக்கு மூன்றடிக்கு மூன்றடி இருந்தால்தான் உள்ளே சூடு பிடிக்கும், மேலே தார்ப்பாய் போடாவிட்டால் சத்தெல்லாம் மழையில் இறங்கிவிடும். ஒரு எச்சரிக்கை, சமையல் கழிவைத் திறந்த குழியில் போடாதீர்கள். முதல் வருஷம் பலாத்தோலும் சோறும் போட்ட வாசனைக்குக் காட்டுப்பன்றி வந்தது, அப்புறம் கரடியே வந்துவிட்டது. அதிகாலையில் தண்ணீர் பாய்ச்சப் போன தங்கச்சி பத்தடி தூரத்தில் அதைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள், அன்றைக்கு என்ன வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். இப்போது சமையல் கழிவு மூடி போட்ட டிரம்மில் மண்புழுவுக்கு மட்டும்தான், அதுவும் காய்த்தோலும் தேயிலைத் தூளும் மட்டும்.

மூன்றாவது, எனக்கு மிகவும் பிடித்தது, லூபின் என்கிற பசுந்தாள் உரச் செடி. கீழ்நாட்டில் தக்கைப்பூண்டு, சணப்பு போடுவார்களே, இந்த உயரத்துக் குளிரில் அந்த வேலைக்கு லூபின்தான் சரி. புளித்த மண்ணைக் குறை சொல்லாமல் வளரும், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து வேரில் வைக்கும், பூ எடுக்கிற நேரத்தில் மடக்கி மண்ணில் புதைத்தால் நாலு லோடு எரு சுமந்த மாதிரி. மேலே தூக்கிக்கொண்டு வர வேண்டாம் என்பதே சரிவில் பெரிய நிம்மதி. முதல் வருஷம் பாதி நிலத்தில் லூபினை மட்டும் போட்டுவிட்டு, மீதியில் புளிப்பைத் தாங்குகிற உருளையைப் போட்டோம். புது ஆட்களுக்கு முதல் வருஷமே பன்னிரண்டு வகை காய் பார்க்க வேண்டுமென்று ஆசையாக இருக்கும். அந்த ஆசையை ஒரு வருஷம் தள்ளிப்போட முடிகிற குழுதான் நிலைக்கும் என்பது என் எண்ணம். சாணம், கோமியம் கலந்து புளிக்க வைக்கிற பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம் இரண்டும் செய்கிறோம், பஞ்சகவ்யம் 100 லிட்டருக்கு 3 லிட்டர் என்று தெளிக்கிறோம், குளிரில் புளிக்க அதிக நாள் எடுக்கும். ஆனால் மண்ணில் மட்கு இல்லாமல் தெளிப்பை மட்டும் நம்பினால் நடக்காது.

தண்ணீரில் ஓடையோரம் ஜெயித்துவிடும், அதில் வாதமே இல்லை. சரிவில் எங்களுக்கு மழைநீர்தான். பக்கத்து லயன் கூரை ஏறக்குறைய 1,000 சதுர அடி, அதில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர் வரும், வழியில் போனது போக எழுநூறு எண்ணூறு மிஞ்சும். 5,000 லிட்டர் தொட்டி நல்ல மழையில் இரண்டு மூன்று நாளில் நிரம்பிவிடும். ஆனால் பாதைபோக எங்கள் பாத்திப் பரப்பு 12 சென்ட், காய்ந்த நாளில் சென்ட்டுக்கு 150 லிட்டர் என்றால் நாளைக்கு 1,800 லிட்டர், தொட்டி மூன்று நாள்கூட வராது. அதனால் ஜனவரி பிப்ரவரி நீர்போகத்தை நாங்கள் கைவிட்டுவிட்டோம். அந்த மாதங்களில் வீட்டுக்கு ஒரு பாத்தி கீரையும் வெங்காயத்தாளும் மட்டும், மற்றதெல்லாம் காய்ந்த புல் மூடாக்கின் கீழ் உறங்கும். போர்வெல் போடுவதற்கும் அனுமதி வேண்டும், சரிவில் கிடைக்குமென்ற நிச்சயமும் இல்லை. வருஷம் முழுக்கக் காய் வேண்டுமென்று கேட்கிற குழுவுக்கு இது குறையாகத்தான் தெரியும். எங்களுக்கு ஒன்பது மாதம் போதுமாக இருக்கிறது.

வேலிக்காக ரொம்ப யோசித்தோம், கடைசியில் இடத்தேர்விலேயே பாதி முடிந்துவிட்டது. காட்டுமாடு எந்த வழியாக நடக்கும் என்று ஹட்டியில் பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள், அந்த வழியை மறித்து எந்த வேலி போட்டாலும் நிற்காது, வழியை விட்டுவிட்டால் அதுவும் நம்மை விட்டுவிடும். பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் கீழே ஒரு அடி புதைத்த கம்பி வலை போட்டோம், அதுதான் எங்கள் மிகப் பெரிய செலவு. சோலார் வேலி போடுவதென்றால் வனத்துறையிடம் கேட்டு முறைப்படி போடுங்கள். கரண்ட் கம்பியிலிருந்து நேரடியாக இழுத்துப் போடுவது மனுஷரையும் கொல்லும், யானையையும் கொல்லும், குற்றமும்கூட.

சான்றிதழ் வேண்டுமா என்று கட்டபெட்டுக் குழு கேட்டது. வீட்டுக்கு மட்டும் என்றால் தேவையே இல்லை. மிஞ்சுவதைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு இயற்கைக் காய் என்று சொல்லி விற்க நினைத்தால், தனித்தனியாகப் பணம் கட்டி வாங்குவதைவிடப் பங்கேற்பு உறுதி முறை என்கிற பி.ஜி.எஸ். உங்களுக்குப் பொருந்தும். குறைந்தது 5 விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை இன்னொருவர் சோதித்துக்கொள்கிற ஏற்பாடு அது. கூட்டுத் தோட்டம் நடத்துகிறவர்கள் அந்த வேலையை எப்படியும் தினமும் செய்துகொண்டுதான் இருப்பார்கள்.

இப்போது அக்டோபர். வடகிழக்கு மழை முடிகிற வரை எதையும் பிடுங்க வேண்டாம், வெற்றுச் சரிவில் மழை விழக் கூடாது. அதற்குள் குத்தகைப் பத்திரத்தைப் பேசி முடியுங்கள், 3 வருஷத்துக்குக் குறைந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மண்ணைப் பத்துப் பதினைந்து இடத்தில் ஆங்கில 'வி' மாதிரி அரையடி ஆழத்துக்கு வெட்டி எடுத்து, ஒன்றாகக் கலந்து அரைக் கிலோ மட்டும் உதகை மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொடுங்கள். ஜனவரியில் தேயிலை பிடுங்க ஆரம்பித்தால் கோடை மழைக்கு லூபின் விதைத்துவிடலாம். இரண்டு குழுவுக்கும் முதல் விதைப்புக்கு வேண்டிய லூபின் விதை எங்களிடம் இருக்கிறது, கடப்பாரை ஆறு இருக்கிறது. எந்த ஞாயிறு என்று சொல்லி அனுப்புங்கள், எங்கள் ஆட்களும் வருகிறோம்.